கன்னி மூலையில் ஒரு லிஃப்ட்

வைகாசியில் கல்யாணம், ஆடியில் பிரிவு. சித்திரை வெயிலில் பிள்ளை பிறந்துவிடக் கூடாதென்று கலைப்பிரியாவை விழுப்புரத்தில் அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மாப்பிள்ளை மணிமாறன் திண்டிவனத்தில் தன் அம்மாவோடு பத்திரமாக இருந்தான். இத்தனை முன்யோசனை உள்ள பெரியவர்கள் வைஃபையை மட்டும் மறந்துவிட்டார்கள். கட்டைகளை அடுக்கி எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளும் ஒரு விளையாட்டில், சாயங்காலமானால் இருவரும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினார்கள்.

அந்த வீட்டுக்குக் கலைப்பிரியா ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தாள். "இங்க நாம ரெண்டு பேரு முடிவு பண்றதுதான். வேற யாரையும் கேக்கக் கூடாது."

காரணம் இருந்தது. தேனிலவுக்கு எங்கே போகலாம் என்று கேட்டபோது, "அம்மாவ கேட்டுச் சொல்றேன்" என்றான். அம்மா திருப்பதி என்றார். போய்விட்டு வந்தார்கள், மூன்று பேரும். அவளுக்கு வேலை விழுப்புரத்தில். ஆடி முடிந்ததும் அங்கேயே தனியாக வீடு பார்க்கலாமா என்றதற்கும் அதே பதில்தான், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். பொம்மை வீட்டிலாவது இந்த மனிதன் சொந்தமாக ஒரு முடிவு எடுக்கிறானா பார்ப்போம், எடுத்தால் சேர்ந்து வாழ்ந்துவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாள்.

எடுத்தான். மூன்று மாடிக்கும் லிஃப்ட் வைக்கிறேன் என்றான். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவன், படித்தது உபயோகப்பட்ட முதல் சந்தர்ப்பம் இதுதான். தள்ளிவிட பிஸ்டன், ஒட்டிக்கொள்ள பசைக்கட்டை, கம்பி, சுவிட்ச் என்று ஒரு வாரம் மல்லுக்கட்டினான். ஒரு தரம் பாதியில் நின்றது. ஒரு தரம் ஆளைக் கீழேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் மேலே போனது. கடைசியில் இருவரும் ஏறி நிற்க, தடக் தடக்கென்று மொட்டைமாடி வரை போய், சமர்த்தாக இறங்கியும் வந்தது.

"எப்பிடி?" என்றான்.

"சூப்பருங்க! இன்னொரு வாட்டி போலாம்." பொய்யில்லை. கல்யாணமானதிலிருந்து அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

மறுநாள் பார்த்தால் லிஃப்ட் எதிர் மூலைக்குக் குடிபெயர்ந்திருந்தது. ஏறினாள். மேலே போனது. இறங்க மாட்டேன் என்றது.

"ஏங்க, இத எதுக்கு இங்க மாத்துனீங்க?"

"டிவியில போட்டு வெளாடிக்கினு இருந்தேனா, அம்மா மல்லாட்டை உரிச்சிக்கினே பாத்தாங்க. கன்னி மூலையில லிஃப்டுக்குன்னு பள்ளம் இருந்தா குடும்பத்துக்கு ஆவாதாம்."

"இது கேமுங்க!"

"நானும் அதான் சொன்னேன். கேமா இருந்தாலும் வீடு வீடுதானடான்னாங்க. எதுக்குப் பேஜாருன்னு மாத்திட்டேன்."

லிஃப்டை இறக்கும் கம்பி போகவேண்டிய வழியில் இப்போது ஒரு பூஜை அறை இருந்தது. அதுவும் அம்மாவின் யோசனைதான்.

"அந்தச் சுவர இடிச்சி கம்பிய இழுங்க, நான் எறங்கிடுவேன்."

"சாமி ரூமு சுவராச்சே. இரு, கேட்டுட்டு வந்துடறேன்."

ஹெட்போனில் மாமியார் அஞ்சம்மாளின் குரல் தெளிவாகவே கேட்டது. "ஆடி வெள்ளியும் அதுவுமா சாமி ரூம எவனாச்சும் இடிப்பானா? நாளைக்குப் பாத்துக்கலாம். இன்னிக்கி அங்கயே இருக்கச் சொல்லு."

கலைப்பிரியாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. மொட்டைமாடியிலிருந்து குதித்தாள். விழுந்து அடிபட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிவிடும், அந்த வசதி அங்கே உண்டு. ஏரியைத் தாண்டிப் போய் ஒற்றை அறையில் ஒரு வீடு கட்ட ஆரம்பித்தாள். நாலாவது சுவர் எழும்பும்போது மணிமாறன் தேடிக்கொண்டு வந்து வெளியே நின்றான்.

"இது நல்லா இருக்குதே பிரியா. நானும் இங்கயே வந்துடவா?"

அவள் கை நின்றது. இதை அவன் யாரிடமும் கேட்காமல் கேட்டிருந்தான். மனசு இளகிவிட்டது.

"வாங்க. விழுப்புரத்துலயும் இந்த மாதிரி ஒரு ரூமு போதுங்க நமக்கு. என்ன சொல்றீங்க?"

திண்டிவனத்தில் ஏதோ குசுகுசுவென்று பேச்சு நடந்தது.

"பிரியா, வாசல் எந்தப் பக்கம் பாத்துக்கினு இருக்குதுன்னு அம்மா கேக்கறாங்க."

"வாசலே இல்லன்னு சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டு, மிச்சமிருந்த இடைவெளியையும் கட்டை வைத்து அடைத்தாள்.