சோறு கேட்கும் வெள்ளி

எனக்கு வாய் நீளம். அன்று அது ஒரு பிள்ளையைப் பள்ளியை விட்டே துரத்தியது.

கலகாரிப் பாலைவனத்தின் ஓரத்து எங்கள் பள்ளி மைதானத்தில் கால்பந்தைச் சூரியனாக வைத்து, ஆளுக்கொரு கோளின் அட்டையைக் கொடுத்து நிறுத்தினேன். பன்னிரண்டாம் எட்டில் புதன், இருபத்திரண்டில் வெள்ளி, முப்பதில் பூமி. நெப்டியூன் தொள்ளாயிரம் எட்டு நடந்து, வேலியைத் தாண்டி ஆட்டுப்பட்டி வரை போனது.

வெள்ளி அட்டை கொராட்டாவுக்கு வந்தது. புரியட்டுமே என்று, "இதுதாண்டி நம்ம கோபாதிலாலெலோ," என்றேன். சாயங்காலம் மேற்கே தெரியும் வெள்ளிக்கு எங்கள் ஊரில் வழங்கும் பெயர் அது. இராச்சாப்பாடு கேட்டு வருவது என்று அர்த்தம்.

மைதானமே சிரித்தது. அம்மா தூரத்து மாட்டுப்பட்டியில் தங்கி வேலை செய்யப் போன நாளாக, கொராட்டா தம்பியைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் அக்கம்பக்கம் போவது ஊருக்கே தெரியும். எனக்கும்தான் தெரியும். சனியின் அட்டை துசோ கையில் இருந்தது. சனி மட்டும் என் நாக்கில்.

"இன்னிக்கு யார் வீட்டுல உதிக்கப்போறே?" என்றான் துசோ.

அவள் அட்டையை மண்ணில் வைத்தாள், காற்றில் பறக்காமல் அதன்மேல் ஒரு கல்லையும் வைத்தாள், வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். அவளுடைய அக்காவும் போன வருடம் இப்படித்தான் கோபித்துக்கொண்டு போனாள். திரும்பவே இல்லை, நகரத்தில் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்க்கிறாள்.

துசோவை வாயார வைதேன், ஆனால் முதலில் பேசியது நான்தானே. பாடம் ஓடவில்லை. வியாழனைப் பூமி இடத்தில் நிறுத்திவிட்டேன், பிள்ளைகள்தான் திருத்தினார்கள். மத்தியானக் கஞ்சிக்காவது வருவாள் என்று வாசலுக்கும் வகுப்புக்கும் நடந்து நடந்து கால் வலித்ததுதான் மிச்சம்.

பொழுது சாய்ந்ததும் மக்காச்சோளக் களியும் கீரையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தாள்.

"தப்பு என்னுதுதான்டி. இன்னிக்குக் கோபாதிலாலெலோ நான்தான். உள்ள விடுவியா?"

விட்டாள். தம்பி பாத்திரத்தைத் திறந்து பார்த்தான். அவளைத் தேற்ற எண்ணி, விடிவெள்ளியும் அந்த வெள்ளியும் ஒன்றேதான், நாம்தான் அதற்கு இரண்டு பெயர் வைத்துவிட்டோம் என்றேன்.

அவள் யோசித்தாள். "ராத்திரி சோறு கேட்டது விடியுற வரைக்கும் நிக்குதுன்னா, யாருமே போடலைன்னுதானே டீச்சர்?"

ஒரே நாளில் இரண்டு வேளையும் தெரியாது, மாதக்கணக்கில் மாறித்தான் வரும் என்று பாடம் சொல்லியிருக்கலாம். களியைப் பிட்டு மூன்று தட்டில் வைத்தேன்.

பாதித் தட்டு காலியான பிறகு அவளே பேசினாள். "நாளைக்கு நான் வெள்ளி இல்ல."

நாளைக்கு என்றாளே, அதுவே எனக்குப் போதும். "வேற என்ன வேணும், சொல்லு," என்றேன்.

"சூரியன். துசோ என்னைச் சுத்தி ஓடட்டும்."