சொட்டாத இறக்கை

திருவொற்றியூரில் ரயில் பாதையை ஒட்டி இருந்த ஒரு கடலை எண்ணெய்க் கிடங்கை யுத்தத்துக்காக சர்க்கார் எடுத்துக்கொண்டது. எண்ணெய்ப் பீப்பாய்கள் இருந்த இடத்தில் ஆகாய விமானப் பழுது வேலை கற்றுக்கொடுத்தார்கள். முழு விமானம் ஒன்றுகூட அங்கே கிடையாது. எங்கெங்கோ விழுந்து நொறுங்கியவற்றின் இறக்கைகளும் வால்களும் மரத் தாங்கிகளின் மேல் கிடந்தன. இறக்கை என்றால் மரச்சட்டம்; அதன்மேல் போர்த்திய துணி. துணியில் கிழிசல் விழுந்தால் ஒட்டுப்போட்டுத் தைத்து, டோப் என்ற நெடியடிக்கும் பசையைப் பூசி, மேளத்தோல் மாதிரி விறைக்கவைக்க வேண்டும். கருணாகரன் அந்தக் கிடங்கில் படித்த படிப்பு இதுதான்.

அவன் ராயபுரத்து மீனவன். பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுதான் அவர்கள் வீட்டுச் சொத்து. தைத்த துளை ஒவ்வொன்றிலும் தேங்காய் நாரைத் திணித்து அடைப்பார்கள். முந்தின வருஷம் எண்ணூருக்கு அப்பால் அந்தப் படகில் தண்ணீர் ஏறி, அவன் அண்ணன் திருமலை கடலோடு போனான். படகு மட்டும் கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. அடிப்பலகையில் ஒரு துளையின் நார் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது.

கருமாதிப் பந்தலைப் பிரிப்பதற்குள் கருணாகரனின் மனைவி கன்னியம்மா சொல்லிவிட்டாள்.

"எங்க நைனாவ கடலு துன்னுச்சி. உங்க அண்ணன துன்னுச்சி. நீயும் போறதுன்னா இப்பவே சொல்லிடு. நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடறேன்."

அவன் போகவில்லை. பட்டாளத்துக்கு விமானம் பழுது பார்க்க ஆள் எடுக்கிறார்கள் என்று தண்டையார்பேட்டை சௌக்கத் அலி சொல்லக் கேட்டு, அவனோடு கிடங்கில் வந்து சேர்ந்தான். பயிற்சி முடிவில் கைவேலைப் பரிட்சை. தேறினால் வடக்கே ஏதோ ஒரு விமான முகாமில் வேலை. பெண்டாட்டியையும் பிறகு அழைத்துக்கொள்ளலாம். தேறாவிட்டால் ராயபுரத்துக் கரையில் அவனுக்கு இருப்பது கடல் ஒன்றுதான்.

பரிட்சை ஐப்பசி மழையில் வந்தது. ஆளுக்கொரு இறக்கை. அடிப்பக்கத்தில், பின் ஓரத்தை ஒட்டி ஒரு கிழிசல். அதை அடைத்துச் சீர்செய்ய வேண்டும். முடிவில் வெள்ளைக்காரத் துரை வந்து பார்ப்பார்.

சௌக்கத் அலி தையல்காரர் மகன். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே அடுத்த தாங்கியைப் பார்த்தான்.

"இன்னா மாமு, வலை பின்றியா? மீன் வுழாது, வெள்ளக்காரன்தான் வுழுவான்."

"உன் வேலையப் பாரு. துரைக்கு ஜிப்பா தெச்சி வெச்சிடப் போற."

"தெச்சிக் குட்த்தா இன்னா? அந்தத் தொப்பைக்கு நாலு கஜம் புடிக்கும்."

பயிற்சியாளர் சங்கரநாராயணன் இருமினார். இருவரும் குனிந்துகொண்டார்கள்.

கருணாகரன் வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. கிழிசலைத் தைத்தான், ஒட்டுத்துணியை வைத்தான், டோப் பூசினான். கடைசியாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இறக்கையின் பின் ஓரத்தில், அடியில், சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். உள்ளே புகும் மழைத் தண்ணீர் வடிவதற்கு. ஒட்டுத்துணி அவற்றை மூடிவிடுமாதலால், ஒவ்வொரு துளை இருக்கும் இடத்திலும் ஒரு வளையம் ஒட்டி, அதன் நடுவே மறுபடி கத்தியால் திறந்துவிட வேண்டும். அதையும் செய்தான்.

மழை வலுத்தது. தகரக் கூரையில் எங்கோ ஒரு ஆணி பிடுங்கியிருந்தது. சொட்டிய தண்ணீர் இறக்கையின் மேல் விழுந்து, உட்புறத்தைச் சோதிப்பதற்காக மேலே விட்டிருந்த துவாரத்தின் வழியே உள்ளே இறங்கி, அடித்துளையிலிருந்து கருணாகரனின் மணிக்கட்டில் விழுந்தது. ஜில்லென்று.

அந்த நேரத்தில் அவன் மனம் வடக்கே போகிற ரயிலில் இருந்தது. கன்னியம்மாவுக்குக் கம்பளி வாங்க வேண்டியிருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருந்தான். கை மட்டும் இங்கே இருந்தது. கை ஒரு துணித்துண்டை எடுத்தது. டோப்பில் தோய்த்தது. துளைமேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தது. அடுத்த துளைக்குப் போனது. அதற்கடுத்ததற்கும். ஓரம் தெரியாமல், பிசிர் இல்லாமல். சிறுவயது முதல் படகின் அடியில் மல்லாந்து படுத்து அந்தக் கை செய்த வேலை அது. அவனைக் கேட்டுக்கொண்டு செய்யவில்லை.

பூச்சு காய்ந்த பிறகு வெள்ளைக்கார சார்ஜென்ட் வந்தார். தையலை விரலால் தடவினார். துணியைச் சுண்டிச் சத்தம் கேட்டார். அதன் பிறகு ஒவ்வொரு இறக்கையின் மேல் துவாரத்திலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். சௌக்கத் அலியின் இறக்கையிலிருந்து தண்ணீர் கம்பி கம்பியாகத் தரையில் விழுந்தது. யாரோ, "பாய் வூட்டுப் புள்ளிங்க வரிசையா நின்னுகினு ஒண்ணுக்கு வுடுதுங்க" என்றான். கிடங்கு சிரித்தது.

கருணாகரனின் இறக்கையில் ஊற்றினார்கள். எல்லோரும் கீழே பார்த்தார்கள்.

ஒரு சொட்டு விழவில்லை.

அந்த ஒரு கணம் கருணாகரனுக்குப் பெருமையாக இருந்தது. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை என்றால் அவன் ஊரில் அதற்கு மேல் பாராட்டு இல்லை. நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. சௌக்கத் அலியின் முகம் வெளுத்திருந்தது. அப்புறம்தான் அவனுக்குத் தன் கட்டைவிரல் நினைவுக்கு வந்தது. நகத்தைச் சுற்றி டோப் காய்ந்திருந்தது.

சார்ஜென்ட் என்னவோ கேட்டார். கருணாகரன் நகத்திலிருந்த டோப்பைச் சுரண்டினான். சௌக்கத் அலி முன்னால் வந்தான்.

"சார், அவனுக்கு நல்லாத் தெரியும் சார். வாயால கேட்டுப் பாருங்க. எங்க எல்லாருக்கும் சொல்லிக் குட்த்ததே அவன்தான்."

சங்கரநாராயணன் துரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்தத் துளை எதுக்கு, கருணாகரன்?"

அவன் சொன்னான். தடங்கலில்லாமல் சொன்னான். தண்ணீர் உள்ளே தேங்கினால் மரம் ஊறி ஒட்டு விடும். இறக்கை ஒருபக்கமாகக் கனத்துவிடும். ஆகாயத்தில் போகிறபோது ஓட்டுகிறவரால் நிமிர்த்த முடியாது. மறக்காமல் திறக்க வேண்டும். பறக்குமுன் விரல்விட்டுப் பார்க்க வேண்டும்.

சங்கரநாராயணன் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல சார்ஜென்ட் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் தலையை ஆட்டிவிட்டு மெதுவாகத்தான் பேசினார். கோபம் இல்லை. சங்கரநாராயணன் அதைத் தமிழில் சொன்னார்.

"தெரியாம அடைச்சிருந்தா அடுத்த குழுவோட உட்காரவச்சுச் சொல்லித்தரலாமாம். தெரிஞ்சும் அடைக்கிற கையை நம்பி ஒருத்தனை மேல அனுப்ப முடியாதுங்கறார்."

கருணாகரன் தலையசைத்தான். துரையின் இடத்தில் தான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்போம் என்று அவனுக்குத் தோன்றியது. அதனால் கெஞ்சவும் முடியவில்லை.

சாலையில் முழங்கால் நனைய இருவரும் நடந்தார்கள். தண்டையார்பேட்டையில் தன் வீட்டுச் சந்து வந்ததும் சௌக்கத் அலி நின்றான்.

"நான் வாய மூடிகினு இருந்தா, ஒண்ணும் தெரியாத முட்டாள்னு அடுத்த குழுவுல உன்ன குந்த வெச்சிருப்பான் அந்தத் துரை, மாமு."

"வுடு. நீ நல்லதுக்குத்தான் சொன்ன."

"ஒருவாட்டியாச்சும் என்னைத் திட்டேன்டா."

"வடக்க ஜாக்கிரதையாப் போய்ட்டு வா" என்றான் கருணாகரன்.

கன்னியம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு ஊதுகுழலோடு எழுந்து நின்றாள்.

"ஓட்டைய அடைச்சதுக்கா அனுப்பிட்டான்? ஓட்டைய வுட்டவனுக்கு வேலையா? இது எந்த ஊரு நாயம்? நான் வந்து கேக்கறேன் அந்தக் கட்டைல போறவன."

"அப்டி இல்ல கன்னி."

"பின்ன எப்டி?"

"அது மேலருந்து வர தண்ணி. கடல்ல தண்ணி கீழருந்து வரும். அங்க வழி வுடணும். இங்க வழிய மூடணும்." அவன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். "மண்டைல ஏறிச்சி. இதுல ஏறல."

அவள் புரிந்துகொண்டாள் என்பது அவள் திட்டுவதை நிறுத்தியதில் தெரிந்தது. சோற்றை வடித்தாள். அவனுக்குப் போட்டாள். அவன் சாப்பிடவில்லை, அவளும் சாப்பிடச் சொல்லவில்லை. வெளியே மழை விட்டு, அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

கரை ஒதுங்கிய அந்தப் படகில் அவர்களுக்கு இருந்த பங்கை அவன் கிடங்கில் சேர்ந்த வாரமே கன்னியம்மா தன் சித்தப்பா மகன் கோதண்டத்துக்கு விற்றிருந்தாள். திரும்பிப் போக வழியே இருக்கக் கூடாது என்று, அவனைக் கேட்காமல்.

கருணாகரன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டான். "கோதண்டத்தப் பாத்துட்டு வந்துடறேன். கூலிக்காவது ஏத்திப்பானா கேக்கறேன்."

"நீ போவாத" என்றாள் கன்னியம்மா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "வித்தவ நான். நானே போய்க் கேக்கறேன்."

குடிசைகளுக்கு நடுவே தேங்கிய தண்ணீரில் அவள் கால் வைத்து வைத்துப் போவதை அவன் பார்த்துக்கொண்டு நின்றான். கோதண்டம் வீட்டு முன்னால் போய் நின்றவள் உடனே கூப்பிடவில்லை. வெகுநேரம் கதவைப் பார்த்தபடி நின்றாள்.