வாசலுக்கு வெளியே வேற பேரு

வெள்ளிக்கிழமை வந்துட்டா முனீஸ்வரிக்கு உக்கார நேரமிருக்காது. மறுநாள் காலையில பிள்ளைக வந்துருமே! ஒத்தக்கடையில புதுசா எழும்புன வீட்டு வரிசையில, அவ வீட்டு ஹால்லதான் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை எழுத்து விளையாட்டு. வாரத்துக்கு ஒரு எழுத்து. தன் நாலு வயசு மகளுக்குன்னு ஆரம்பிச்சா. பக்கத்து வீட்டுச் சரண்யாதேவி தன் மகன் சித்தார்த்தைக் கொண்டாந்து விட்டா, மூலை வீட்டு அக்கா தன் மகளைக் கொண்டாந்து விட்டுச்சு. இப்ப அந்த ரெண்டு அம்மாமாரும் கூடவே உக்காந்து போட்டோ எடுத்துக் குரூப்புல போடுறாக.

சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரிதான். உ வாரத்துக்குத் தாம்பாளத்துல உப்பைப் பரப்பி விரலால எழுத விட்டா. எ-க்கு எலுமிச்சம்பழத்தை ரெண்டா வெட்டி, சாயத்துல முக்கி அச்சுக் குத்த விட்டா. ஐ-க்குப் பிளாஸ்டிக் பொம்மைகளை ஃப்ரீசர்ல உறைய வச்சு, ஐஸை உடைச்சு எடுங்கடான்னு விட்டா பாருங்க, வீடு பூரா தண்ணி. பிள்ளைகளுக்கு அம்புட்டு சந்தோசம்.

ஐ முடிஞ்சா அடுத்து ஒ வரணுமில்ல? அங்கதான் இடிச்சுச்சு. ஒ-வை எழுதிக் காட்டுனா மகள் சும்மா இருப்பாளா? "அது நான்தானே!"ன்னு எந்திரிச்சு நிப்பா. அவ பேரு ஒச்சாயி.

அவுக வழக்கம் அப்படி. மூத்தது பொட்டப்பிள்ளையாப் பொறந்தா குலசாமி பேருதான். முனீஸ்வரி புருசன் சூரியபிரகாஷுக்கு அதுல மறுபேச்சே கிடையாது. உசிலம்பட்டிப் பக்கம் கோயில்ல வச்சு, தாய்மாமன் முத்திருளன் மடியில உக்காரவச்சு, மொட்டை போட்டுக் காது குத்தி, "ஒச்சாயி, ஒச்சாயி, ஒச்சாயி"ன்னு அவர்தான் பிள்ளை காதுல சொன்னார். சொல்லும்போது அந்த மனுசனுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு.

ஆனா முனீஸ்வரி மதுரையில காலேஜ் படிச்சப்ப, ஹாஸ்டல்ல அவளுக்கு வச்ச பேரு 'முனி'. இருட்டுல வந்தா "அய்யோ முனி வருதுடி"ன்னு கத்துவாளுக. மூணு வருசம் சிரிச்சுக்கிட்டே அழுதவ. அதனால இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்னைக்கே, அவ ஈஸ்வரி, மகள் ரித்விகான்னு சொல்லிட்டா. பிள்ளையையும் பழக்கிட்டா. வீட்டுக்குள்ள ஒச்சாயி, வாசலைத் தாண்டுனாலோ வெளியாளு வந்தாலோ ரித்விகா. வீட்டுக்கு ஒரு கவுன், வெளிய போக ஒரு கவுன் மாதிரி அதுவும் மாத்திக்கிருச்சு.

ஒ-வை எப்படிடா தாண்டுறதுன்னு அவ முழிச்சுக்கிட்டு இருந்தப்ப சரண்யாதேவியே வழி காட்டுனா. "ஈஸ்வரி, இந்த வாரம் அவுகவுக பேரோட முதல் எழுத்தைச் செய்ய விடுவோமா? எங்க சித்தார்த்துக்குத் தன் பேருன்னா உசுரு. புத்தர் பேருடா உனக்குன்னு அவுக அப்பா சொல்லிச் சொல்லி, தெருவுல போறவுககிட்டல்லாம் சொல்றான்." முனீஸ்வரிக்குக் கும்பிடத் தோணுச்சு. சார்ட் பேப்பர்ல பெருசா எழுத்துகளை வெட்டுனா. பசை காய்ச்சுனா. ஒட்டுறதுக்குத் துவரம்பருப்பு, பாசிப்பயறு, கொண்டைக்கடலைன்னு கிண்ணம் கிண்ணமா எடுத்து வச்சா. மகளுக்கு 'ரி'.

சனிக்கிழமை எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. சித்தார்த் பாதிக் கடலையை வாயில போட்டுக்கிட்டே 'சி' ஒட்டுனான். மகள் நாக்கை மடிச்சுக் கடிச்சுக்கிட்டு 'ரி'-யோட மேல் வளைவுக்குப் பருப்பு ஒட்டிக்கிட்டு இருந்தா. அப்ப வாசல்ல ஒரு குரல்.

"அடியே ஒச்சாயி! எங்கடி என் ஆத்தா?"

முத்திருளன். ரெண்டு பஸ் மாறி, தோள்ல ஒரு சாக்கு நிலக்கடலையோட வந்து நிக்கிறார். சாக்கை வாசல்ல இறக்கிட்டு, "கால் பூரா புழுதி, கழுவிட்டு வாரேன்த்தா"ன்னு பக்கத்துக் குழாய்க்குப் போயிட்டார்.

மூலை வீட்டு அக்கா சிரிச்சுக்கிட்டே கேட்டுச்சு. "யாரு ஈஸ்வரி, ஒச்சாயி?"

இவதான்னு மகளைக் கையைக் காட்டியிருந்தா முடிஞ்சது. ஒரு வார்த்தை. ஆனா பாவி மனசு ஹாஸ்டலுக்கு ஓடிருச்சு.

"அதுவா? எங்க அண்ணன் ஊர்ல வளர்க்குற பசுமாடு. அதைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, எங்க போனாலும் வாயில அதே வருது."

அக்கா விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. சரண்யாதேவியும் சிரிச்சா. சித்தார்த் "ம்மா"ன்னு மாடு மாதிரி கத்திட்டு, "ரித்விகா, நீயும் கத்து"ன்னான். முனீஸ்வரியும் சிரிச்சா, கர்மம். சிரிச்சுக்கிட்டே மகளைப் பார்த்தா. பிள்ளை கையில ஒத்தைப் பருப்போட தன் அம்மாவையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் குனிஞ்சு, அந்தப் பருப்பை ஒட்டுச்சு.

எல்லாரும் போனபிறகு முத்திருளன் சாப்பிட உக்காந்தார். எப்பவும் மூணு தரம் சோறு வாங்குற மனுசன், ஒரு தரத்தோட கையைக் கழுவிட்டார். "ஏண்ணே, உடம்புக்கு என்ன?"ன்னு கேட்டா. "ஒண்ணுமில்லத்தா. வெயிலு." எப்பவும் மருமகளை மடியில தூக்கி வச்சுக் கதை அளப்பார். அன்னைக்குத் தலையைத் தடவுனதோட சரி. சாயங்காலம் வரைக்கும்கூட இருக்கல. செருப்பை மாட்டிக்கிட்டு, வாசல்ல நின்னு, பிள்ளையைப் பார்த்து, தெரியாத ஊர் போர்டைப் படிக்கிற மாதிரி எழுத்துக் கூட்டிச் சொன்னார்.

"ரி... ரித்திகா. மாமா போயிட்டு வாரேன்த்தா."

முனீஸ்வரிக்கு அப்பத்தான் உறைச்சுச்சு. குழாய் இருந்தது ஹால் சன்னலுக்குக் கீழ. பொய் சொல்றப்ப அந்த நினைப்பே அவளுக்கு வரல. அவர் திரும்பிப் பார்க்காம பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துட்டார். ஒரு வார்த்தை வையலையே! நாலு அறை விட்டிருந்தாக்கூட இம்புட்டு வலிச்சிருக்காது.

சேலையை யாரோ இழுத்தாக. மகள்.

"அம்மா, மாமா ஏன் என்னைய அப்படிக் கூப்பிட்டுச்சு?"

"சும்மாடா."

"என் பேரு மாட்டுப் பேருன்னு மாமாகிட்டயும் சொல்லிட்டியா?"

முனீஸ்வரி அப்படியே தரையில உக்காந்துட்டா. வெக்கம்னா இப்படி ஒரு வெக்கமா! தன்னைய முனின்னு சொன்னவளுக யாரோ எவரோ. இந்தப் பிள்ளையை மாடுன்னு சொன்னது பெத்த தாய். அதுவும் கொண்டைக்கடலையும் பசையும் வச்சு, உன் பேரைச் செய்யி கண்ணுன்னு உக்காரவச்சுட்டு.

"இல்லடி தங்கம். அது சாமி பேரு. உன் பேரு. அம்மா பொய் சொன்னேன்."

"அப்ப அந்த ஆன்ட்டிக்கு?"

கேட்டுச்சு பாருங்க, கேள்வி. மூலையில கிடந்த சார்ட் பேப்பரை எடுத்து ஒரு 'ஒ' வெட்டிக் கையில குடுத்து, பருப்பு ஒட்டுடின்னு சொல்லிடலாம்தான். நாலு சுவத்துக்குள்ள தாயும் மகளும் சமாதானமாயிக்கலாம். கத்தரிக்கோலைக்கூட எடுத்துட்டா. அப்புறம் அதைக் கீழ வச்சா. பொய் சொன்னது நாலு பேரு முன்னாடி. மன்னிப்பு மட்டும் வீட்டுக்குள்ளயா?

பிள்ளையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, விறுவிறுன்னு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுனா. சரண்யாதேவி ஈரக்கையோட வந்து திறந்தா. பின்னாடியே சித்தார்த்.

"சரண்யா, காலையில நான் சொன்னது பொய். ஒச்சாயி எங்க மாடு இல்ல. இவ. எங்க குலசாமி பேரு, எங்கண்ணன் மடியில வச்சு வச்ச பேரு. என் பேரும் ஈஸ்வரி இல்ல, முனீஸ்வரி. எனக்கு வெக்கமா இருந்துச்சு, மறைச்சுட்டேன். இப்பத்தான் நெசமான வெக்கமா இருக்கு." சொல்லும்போதே மூஞ்சி பூரா எரிஞ்சுச்சு. "மூலை வீட்டு அக்காகிட்டயும் போய்ச் சொல்லணும்."

சரண்யாதேவி சிரிக்கல. சேலையில கையைத் துடைச்சுக்கிட்டுக் கிட்ட வந்தா. முனீஸ்வரியை விட்டுட்டு, இடுப்புல இருந்த பிள்ளையோட தாடையைத் தொட்டுக் கேட்டா.

"நீ சொல்லு தாயி. உன் பேரு என்ன?"

பிள்ளை வாயைத் திறந்துச்சு. திறந்துட்டு, சொல்லாம, மெதுவாத் திரும்பி அம்மா மூஞ்சியைப் பார்த்துச்சு, எதைச் சொல்லணும்னு.