எட்டாவது நிமிஷத்து மௌனம்

மனித குலத்துக்கு ஓர் அறிவிப்பு. பல்லாயிரம் ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த குற்றவாளியின் மனம், கடந்த மார்ச் மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, பெங்களூரு தொம்மலூரில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில், திரு. தேசிகன் அவர்களால் முழுமையாகத் திறந்துவைக்கப்பட்டது. நீதிபதிகளும் காவல்துறையும் ஞானிகளும் இதைக் கவனத்தில் கொள்ளவும். லிஃப்ட் வேலை செய்யவில்லை; நேரில் வர விரும்பும் ஞானிகள் படியேறி வரவும்.

தேசிகனுக்கு வயது ஐம்பத்து மூன்று. ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் இருந்து, விருப்ப ஓய்வு வாங்கி, ஆறு வார ஆன்லைன் படிப்பு ஒன்றை நான்கே வாரத்தில் முடித்துத் தடயவியல் உளவியல் ஆய்வாளர் ஆனவர். சான்றிதழை லேமினேட் செய்து பூஜை அறைக்கு வெளியே மாட்டியிருக்கிறார். உள்ளே மாட்ட மனைவி ஜெயலக்ஷ்மி விடவில்லை. அன்று முதல் அவர் கண்ணுக்கு மனிதர்கள் தெரிவதில்லை, ஆழ்மனசுகள்தான் தெரிகின்றன. ஆட்டோக்காரர் மீட்டர் போடாவிட்டால் அவருக்குச் சிறு வயதில் அங்கீகாரம் கிடைக்கவில்லை என்று பொருள். ஜெயலக்ஷ்மி ரசத்தில் உப்பு போட மறந்தால் அது மறைமுகமான ஆக்ரோஷம். இதை அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு செல்போனில் பதிவுசெய்து அவர் நடத்திவந்த பாட்காஸ்டின் பெயர், 'வேரில் விழுந்த ரத்தம்'. அதற்குத்தான் இப்போது நல்ல காலம் வந்திருந்தது. தொம்மலூர் ஆடியோ கம்பெனி ஒன்று பன்னிரண்டு பகுதித் தொடராக எடுக்கத் தயார் என்றது. நிபந்தனை ஒன்றுதான்: நிஜக் குற்றவாளி ஒருவர் ஸ்டுடியோவுக்கு வந்து பேச வேண்டும். தயாரிப்பாளர் நிருபமா பதிவைக் கேட்டுவிட்டு அன்றைக்கே முடிவு சொல்வாள்.

முடிவு 'இல்லை' என்றால் என்ன ஆகும் என்பதை ஜெயலக்ஷ்மி ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். "சனிக்கிழமை கான்ட்ராக்ட் வந்தா உங்க இஷ்டம். வரலேன்னா திங்கக்கிழமை எங்கண்ணா கம்பெனில சேர்ந்துடுங்கோ. போர்வைக்குள்ள ஒரு மனுஷன் தனியா பேசிண்டிருந்தா வேலைக்கு வர்றவா என்ன நினைப்பா?" அண்ணா கம்பெனி பொம்மசந்திராவில் அட்டைப்பெட்டி செய்கிறது. அங்கே பணியாளர் நலனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது.

ஆக, குற்றவாளி கிடைத்தார்.

பெயர் கவியரசன். மர்பி டவுன்காரர். நாற்பத்தெட்டு வயது. பத்து வருஷத்துக்கு முன்புவரை அடுத்தவர் வீட்டைத் திறந்து பிழைத்தவர். பரப்பன அக்ரஹாரா சிறையில் மூன்று வருஷம் இருந்தவர். இப்போது அல்சூர் மார்க்கெட் பக்கம் மாற்றுச் சாவி செய்து தருகிறார். கன்னத்தில் ஒரு வெட்டுத் தழும்பையாவது தேசிகன் எதிர்பார்த்திருந்தார். வந்தவரோ இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக் கண்ணாடியுமாக, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் போல இருந்தார். கூடவே அவர் மனைவி குளோரியா, ஸ்டுடியோ எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு டப்பா கட்லெட்டுடன் வந்திருந்தார். அவரைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நிருபமாவின் அறையில் உட்காரவைத்தார்கள்.

ஆரம்பிக்கும் முன் நிருபமா சட்டத்தை விளக்கினாள். "சார், ஜனங்க எட்டாவது நிமிஷத்துல ஓடிடறாங்க. அதனால நம்ம ஸ்பான்சரோட மெத்தை விளம்பரம் அங்கதான் வரும். அதுக்கு முன்னாடி கெஸ்ட் உடைஞ்சு அழணும். உடைஞ்சதும் ஆறு செகண்ட் மௌனம். அப்புறம் மெத்தை. மௌனத்துக்கு அப்புறம் மெத்தை நல்லா விக்குதுன்னு டேட்டா இருக்கு சார்."

"ஆறென்ன, அறுபது செகண்ட் தரேன்" என்றார் தேசிகன். பதினொரு கேள்விகள் எழுதி வைத்திருந்தார். பதினொன்றும் வெவ்வேறு தெரு வழியாக ஒரே வீட்டுக்குப் போகும் கேள்விகள்: சின்ன வயதில் உங்களை யார் கொடுமைப்படுத்தினார்கள்?

சிவப்பு விளக்கு எரிந்தது. தேசிகன் தன் குரலை இரண்டு மாடி கீழே இறக்கினார்.

"கவியரசன். அந்தச் சிறுவனை எனக்கு அறிமுகப்படுத்துங்கள்."

கவியரசன் சுற்றுமுற்றும் பார்த்தார். "எந்தச் சிறுவன் சார்?"

"உங்களுக்குள் உறைந்து நிற்கும் சிறுவன்."

"ஓ, அவனா. நல்லா இருந்தான் சார்."

"அப்பா அடிப்பாரா?"

"சேச்சே."

"அம்மா?"

"அடிக்கவே இல்லன்னு சொல்ல முடியாது சார்."

தேசிகன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லுங்கள். அழ வேண்டுமானால் அழுங்கள்."

"ஒரு வாட்டி தொடப்பத்தால. அதுவும் எங்கண்ணனுக்குப் போட்டது. நான் குறுக்கால போயிட்டேன்."

தேசிகன் இரண்டு கேள்விகளை அடித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார். "அப்படியானால் ஏன்? முதன்முதலில் ஏன் திருடினீர்கள்?"

"காலைல எழுந்திரிக்கப் பிடிக்கல சார்."

"அதாவது, விடியலைக் கண்டு ஒரு பயம்."

"தூக்கம் சார். எங்கப்பா ஒரு வொர்க்‌ஷாப்ல சேத்துவிட்டாரு. காலைல ஏழு மணிக்கு ஹாஜர். நமக்கு ஆவல. இந்த வேலைன்னா பாருங்க, பதினோரு மணிக்குப் போனா போதும். எல்லாரும் ஆபீஸ் போயிருப்பாங்க. தொந்தரவே கிடையாது."

"திருடிய வீட்டில் வேறு ஏதாவது செய்வீர்களா? ஒரு சடங்கு மாதிரி? ஓர் அடையாளம்?"

கவியரசன் நேர்மையாக யோசித்தார். "ஜேபி நகர்ல ஒரு வூட்ல மோட்டாரை நிறுத்தினேன் சார்."

"ஆ!" தேசிகன் மைக்கைக் கடித்துவிடுவார் போலிருந்தது. "கவனியுங்கள், நேயர்களே. பிறர் உலகத்தைத் தன் ஆளுகைக்குள் கொண்டுவரும் வெறி!"

"இல்ல சார். டேங்க் ரொம்பி வழிஞ்சிது. டேங்கர் லாரி வர்றதே வாரத்துக்கு ஒரு வாட்டி. அவ்ளோ தண்ணியும் ரோட்ல ஓடுது. பாத்துகினு எப்படி சார் திருடறது?"

ஆறாவது நிமிஷம் முடிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிருபமா ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். அதில் 'சோகம்???' என்று எழுதியிருந்தது. பிறகு அவளே பதிவை நிறுத்தி, "டீ சாப்பிட்டு ஃபிரெஷ்ஷா முதல்லேந்து போகலாம் சார். ஆனா இது கடைசி டேக். இப்படியே போனா கஷ்டம்" என்றாள்.

டீயை வைத்துக்கொண்டு தேசிகன் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைக் கவியரசன் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னா சார், உடம்பு சரியில்லையா?"

தேசிகன் சொல்லிவிட்டார். சான்றிதழ், போர்வை, ஜெயலக்ஷ்மி, அண்ணா, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும். தான் இத்தனை கேள்வி கேட்டும் ஒரு சோகத்தையும் சொல்லாத மனுஷனிடம், அவர் கேட்ட ஒரே கேள்விக்குத் தானே மொத்தத்தையும் கொட்டிவிட்டதை உளவியல் ஆய்வாளர் கவனிக்கவில்லை.

"பரவால்ல சார், வேலைதானே" என்றார் கவியரசன். "காலைல எத்தினி மணிக்கு?"

"ஏழரைக்கு ஷிஃப்ட். எங்க வீட்டுலேந்து ஆறு மணிக்கு கம்பெனி பஸ்."

கவியரசனின் கை டீயோடு நடுவழியில் நின்றது. "ஆறு மணிக்கா? அப்பன்னா அஞ்சுக்கு எழுந்திரிக்கணும்."

"நாலே முக்கால்."

சக மனிதன் ஒருவன் படப்போகும் துன்பத்தைக் கண்டு ஒருவர் முகம் அப்படி மாறியதைத் தொம்மலூர் அதற்குமுன் பார்த்திருக்காது. டம்ளரைக் கீழே வைத்தார். "சார். உங்களுக்கு இன்னா வேணும், சொல்லுங்க."

"பொய் சொல்லக் கூடாது" என்றார் தேசிகன், பலமில்லாமல். "ஆனா ஆழ்மனசில எதாவது புதைஞ்சிருந்தா..."

"இருக்கும் சார். தேடிப் பாக்கறேன்."

மறுபடியும் சிவப்பு விளக்கு. இந்த முறை கவியரசன் தலையைக் குனிந்துகொண்டார். கேள்விகளைச் சுருக்கமாக, பாரமாக ஏற்றுக்கொண்டார். ஏழு நிமிஷம் நாற்பது விநாடியில், "எங்கப்பா சார்..." என்று ஆரம்பித்தபோது குரல் உடைந்தது.

"எனுக்கு அப்போ ஆறு வயசு. இருட்டு ரூம்ல தள்ளிட்டு வெளிய பூட்டு போட்டுட்டாரு. 'அப்பா, தொறப்பா, தொறப்பா'ன்னு தட்டறேன். ராத்திரி முழுக்கத் தட்டறேன் சார். தொறக்கவே இல்ல. அன்னைக்கு முடிவு பண்ணேன். இந்த பெங்களூர்ல ஒரு பூட்டுகூட பூட்டா இருக்கக் கூடாது."

மௌனம்.

ஒரு விநாடி. தேசிகனின் கண் நிறைந்தது. இரண்டு. பன்னிரண்டு பகுதிகளும் வரிசையாக அவருக்குத் தெரிந்தன. மூன்று. டிவி விவாதங்களில் தன் பெயருக்குக் கீழே என்ன போடுவார்கள் என்று யோசித்தார். நான்கு. நிருபமா கண்ணாடிக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சியபடி கட்டைவிரலை உயர்த்தினாள். ஐந்து.

"டேய் கவி!"

சத்தம் கூரையிலிருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது. நிருபமா பேசும் பட்டனைக் குளோரியா அமுக்கிப் பிடித்திருந்தார். "யார்டா பூட்டினது? எங்க மாமாவா உன்னப் பூட்டினாரு?"

இங்கே ஓர் உறவுமுறையை விளக்க வேண்டும். கவியரசனின் அப்பா குளோரியாவுக்கு மாமனார் மட்டுமல்ல. அவருடைய அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். மாமனாரை யாரும் எதுவும் சொல்லலாம், நாட்டில் தினமும் நடப்பதுதான். ஆனால் காது குத்தும்போது தன்னை மடியில் வைத்துக்கொண்டு, தன்னைவிட அதிகமாக அழுத தாய்மாமனைப் பற்றி, குளோரியா இருக்கும் இடத்தில் யாரும் எதுவும் சொல்லிவிட முடியாது. ஒரே தெருவில் ஒன்றாக வளர்ந்ததால் புருஷனை 'டேய்' என்பதிலும் அவருக்குத் தடை எதுவும் இல்லை.

கதவைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்துவிட்டார். "கரப்பான்பூச்சியைக்கூட பேப்பர்ல ஏந்திகினு போயி வெளிய வுடற மனுஷன் சார் அவரு. இவன் சொல்றான், நீங்களும் கண்ணக் கசக்கினு உக்காந்திருக்கீங்க. ஏண்டா, உங்க வூட்ல மொத்தம் ரூம் எத்தினி?"

கவியரசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொல்லு சாருக்கு!"

"ஒண்ணு."

"ஒரு ரூம். ஏழு பேர். அதுல இவன வெச்சுப் பூட்டினா மாமா எங்க சார் படுப்பாரு?"

தேசிகன் தடயவியல்பூர்வமாக ஏழு பேரையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"பாவம் குளோரி, அவரு" என்று கவியரசன் முணுமுணுத்தார். "நாலே முக்காலுக்கு எழுந்திரிக்கணுமாம்."

"நான் நாலு மணிக்கு எழுந்திரிக்கறேன்! இருவது வருஷமா கேன்டீன்ல இட்லி ஊத்தறேன். இவன் உள்ள இருந்த மூணு வருஷமும் ஞாயித்துக்கிழமை தவறாம ரெண்டு பஸ் மாறிப் போயி பாத்தேன். என் மனசுல இன்னா இருக்குதுன்னு எவனாவது மைக் வெச்சுக் கேட்டானா?" நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "கேளுங்க சார். இவனப் பத்தி நான் சொல்றேன். மொத மொத ஒரு வூட்டத் தொறந்தான். பீரோ இருக்குது, நகை இருக்குது. இன்னா எடுத்துகினு வந்தான் தெரியுமா? குக்கர்."

"நம்ம வூட்டு குக்கர்ல விசில் போயிடுச்சி இல்ல?" என்றார் கவியரசன்.

"விசில் போனா விசில் வாங்கணும்டா!"

தேசிகனுக்கு என்னமோ ஆயிற்று. பதினொரு கேள்வி எழுதிய தாள் கீழே விழுந்து கிடந்தது. குரல் தானாக இரண்டு மாடி மேலேறி, ஜெயலக்ஷ்மியிடம் பேசும் குரலாகிவிட்டது. "அப்புறம் என்ன ஆச்சு? எப்படி மாட்டினார்?"

"எப்படி மாட்டுவான்? தூங்கிட்டான்."

"எங்கே?"

"திருடப் போன வூட்லதான்! பீரோவத் தொறந்து எல்லாத்தையும் பையில போட்டாச்சு. பக்கத்துல புது மெத்தை. சும்மா உக்காந்து பாக்கலாம்னு உக்காந்தானாம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வூட்டுக்காரம்மா வந்து எழுப்பறாங்க. இவன் போர்வையை இழுத்துப் போத்திகினு 'குளோரி, இன்னும் அஞ்சு நிமிசம்'ன்றான்."

"சூப்பர் மெத்தை சார் அது" என்றார் கவியரசன், பத்து வருஷத்துக்குப் பிறகும் மரியாதை குறையாமல்.

முதலில் சிரித்தது தேசிகன்தான். ஆரம்பத்தில் ஆய்வாளருக்கு உரிய முறையில், மூக்கால். பிறகு கன்னாபின்னாவென்று, மேஜையைத் தட்டிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு. கவியரசனும் தன் மேல்தானே சிரிக்கிறார்கள் என்ற கூச்சமில்லாமல் சேர்ந்துகொண்டார். குளோரியா கடைசிவரை முறைத்துப் பார்த்துவிட்டு, போர்வையை நினைத்து அவரும் சிரிப்பில் உடைந்தார்.

அப்போதுதான் சிவப்பு விளக்கு அணைக்கப்படவே இல்லை என்பதைத் தேசிகன் கவனித்தார்.

நிருபமா ஓடி வந்தாள். "சார், மெத்தை கம்பெனிக்குக் கால் பண்ணிட்டேன். கிளிப்பைப் போட்டுக் காட்டினேன். அவங்க அங்க தரையில உருண்டுட்டிருக்காங்க. தொடர் ஓகே. பன்னிரண்டு எபிசோடும் ஓகே. ஆனா மூணு பேரும் வேணும். குளோரியா அக்கா கதை சொல்லணும், கவியரசன் அண்ணன் ஒத்துக்கணும், நீங்க 'அப்புறம் என்ன ஆச்சு'ன்னு கேட்கணும். வேற எதுவும் கேட்காதீங்க சார், ப்ளீஸ்."

"தடயவியல் உளவியல்?"

"அது போர்டுல இருக்கட்டும் சார்."

தேசிகன் கம்பீரமாக ஐந்து விநாடி யோசித்தார். நாலே முக்கால் மணி அலாரம் ஒன்று எங்கோ காதில் கேட்டது. கையெழுத்துப் போட்டார்.

குளோரியா டப்பாவைத் திறந்தார். தேசிகன் தயங்குவதைப் பார்த்து, "இந்த ஓரத்துல இருக்கிறது காய் கட்லெட்டு சார். ஃபோன்ல உங்க பேரக் கேட்டதுமே தனியா எண்ணெய் வெச்சு செஞ்சேன்" என்றார். ஆறு வாரம் படிக்காமலே ஓர் ஆளைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பதைத் தேசிகன் மூன்று கட்லெட் சாப்பிட்டு ஒப்புக்கொண்டார். வீட்டில் ஜெயலக்ஷ்மி அக்காரவடிசில் செய்தாள். அண்ணா ஃபோனில் வாழ்த்தினார். முதல் பகுதியைத் தன் சம்பந்திகளுக்கெல்லாம் அனுப்பப்போவதாகவும் சொன்னார். மர்பி டவுனில் குளோரியாவின் மாமா, தன் பெயர் காப்பாற்றப்பட்ட சந்தோஷத்தில் தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார்.

முதல் பகுதி வெளியாகி மூன்று வாரம் ஆகிறது. இதுவரை அதைக் கேட்டவர்கள் நாற்பத்தொரு பேர்.