அலசிக் கொடுத்த பட்டைகள்

சுத்தத்தில் அன்புக்கரசியை அடித்துக்கொள்ள சூலூர் தறிக்குடோன்களில் ஆளில்லை. பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைக்கூடப் புளி போட்டுத் தேய்த்துத்தான் திருப்பிக் கொடுப்பார். இது ஆராய்ச்சி மாணவி நிதாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வெள்ளிக்கிழமை அந்த ஆறு கைப்பட்டைகளையும் அவரிடம் கொடுத்து, "ஆளுக்கு ஒண்ணு கட்டிட்டு, நாளைக்குப் பத்திரமாத் திருப்பிக் குடுத்துருங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போத்தனூருக்குப் பஸ் ஏறியிருக்க மாட்டாள்.

பட்டை, மில் கழிவுப் பஞ்சில் அவளே செய்தது. கையில் கட்டினால், வேர்வையில் உப்பு ஏற ஏற மஞ்சள் பச்சையாகும். நீலமானால் உடம்பு உப்பை அளவுக்கு மீறி இழக்கிறது என்று அர்த்தம். தூக்கிப் போட்டால் மண்ணோடு மண்ணாகிவிடும். "பஞ்சு தாங்காதும்மா, பிளாஸ்டிக்குக்கே போயிரலாம்" என்று பேராசிரியர் சொல்லிக்கொண்டே இருந்தார். பஞ்சா, பிளாஸ்டிக்கா என்று திங்கட்கிழமை முடிவு. அவளுடைய இரண்டு வருட உழைப்பு இந்த ஆறு பட்டைகளின் நிறத்தில் இருந்தது.

சனிக்கிழமை மதியம் அன்புக்கரசி அவற்றை அழகாக அடுக்கிக் கொடுத்தார். ஆறும் மஞ்சள். சோப்பு வாசனை வேறு.

"வேர்வையோட எப்படிங்க அம்மணி குடுக்கறது? அதான் அலசிக் காயப்போட்டுட்டேன்."

நிதாவுக்கு அழுகை முட்டியது. கோபப்படவும் வழியில்லை, அலசாதீர்கள் என்று அவள் சொல்லவே இல்லையே.

"ஏனுங்க, தப்புப் பண்ணிப்போட்டனுங்களா?"

"நிறத்தைத்தான் பார்க்கணும்க்கா. அது போயிருச்சு."

"அவ்வளவுதானுங்களா? மறுக்காக் கட்டிட்டாப் போச்சு."

அன்புக்கரசி உட்பட ஆறு பெண்களும் கட்டிக்கொண்டு தறிக்குப் போனார்கள். சோப்பில் ஊறிய பட்டை இனி வேலை செய்யும் என்று நிதா நம்பவில்லை. ஒரு மணி நேரத்தில் ஐந்து பட்டைகள் பச்சையாகிவிட்டன. தாங்காது என்ற பஞ்சு சோப்பையே தாண்டி வந்திருந்தது! சந்தோஷத்தில் போட்டோ எடுக்கப் போனவள், அன்புக்கரசியின் கையைப் பார்த்தாள். ஆறாவது பட்டை நல்ல நீலம்.

போன் பைக்குள் போனது. "தறியை நிறுத்துங்கக்கா!"

"எதுக்குங்க? லேசாத் தலை சுத்துது. அது தெனமும் சுத்தறதுதானுங்க."

தினமும் என்ற சொல் நிதாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அவரை விசிறிக்கடியில் உட்காரவைத்து, உப்புப் போட்ட மோரைக் குடிக்கவைத்தாள். இரண்டாவது டம்ளருக்குப் பிறகுதான் முகம் தெளிந்தது. தெளிந்ததும் அன்புக்கரசி எழுந்துபோய் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு பட்டையை அவிழ்த்து, குழாயடியில் நீட்டினார்.

நிதா பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுக்காவா அம்மணி குடுக்கறது?" என்றார் அன்புக்கரசி, நிஜமான வருத்தத்தோடு.