பாலம் தாண்டிய பிடி அரிசி

தந்தியில் இருந்தது இவ்வளவுதான்: அப்பா சீரியஸ், புறப்படு. நம் ஆட்கள் தந்தியில் யாரையும் சாகவிடமாட்டார்கள். குளிப்பாட்டி மாலை போட்ட பிறகும் 'சீரியஸ்' என்றுதான் அடிப்பார்கள். அதனால் மலாக்காவில், காஜா பெராங் பகுதி வீட்டு வாசலில் அதைப் படித்த நல்லையாவுக்குச் சந்தேகமே வரவில்லை. நேரே அடுப்படிக்குப் போய் அரிசி டின்னைத் திறந்தான்.

"முந்தானையை நீட்டு" என்றான் மனைவியிடம்.

தெய்வானை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எதுக்கு?"

"உங்கப்பாவுக்கு மக வீட்டு வாய்க்கரிசி வேணாமா? ஜொகூர்ப் பக்கம் போய்த் தேடினா ஒரு மணி அரிசி கிடைக்காது. தோட்டத்துல எல்லாருக்கும் சோறா வடிச்சுத்தான் குடுக்கறாங்களாம்."

"வாயைக் கழுவுங்க. சீரியஸ்னுதானே போட்டிருக்கு?"

நல்லையா ஒரு பிடி அள்ளி அவள் முந்தானையில் முடிந்துவிட்டான். நல்ல மனுஷன்தான். ஆனால் அடுத்தவர் சாவை முடிவு செய்வதில் அவனுக்குக் கொஞ்சம் அவசரம். லீவு கேட்டு மறுநாள் வருவதாகச் சொல்லி அவளை டாக்சி ஏற்றிவிடப் போனான்.

பக்கத்து வீட்டு மீனாச்சி வாசலில் நின்றிருந்தாள். தலைமுறை தலைமுறையாக இங்கேயே ஊறிப்போன மலாக்கா செட்டிக் குடும்பம். பெயர் தமிழ், உடுத்துவது சாரோங் கெபாயா, பேசுவது மலாய். தெய்வானையின் முந்தானையைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணால் பார்க்கும்வரை போய்விட்டார் என்று வாயால் சொல்லிவிடாதே, சொன்னால் அது நடந்துவிடும் என்று மலாயில் கிசுகிசுத்தாள். தெய்வானைக்கு அதை யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அப்பா இருக்கிறார், இருக்கிறார் என்று அவள் மனசு காலையிலிருந்தே அடித்துக்கொண்டிருந்தது.

ஜாசின் தாண்டியதும் டாக்சிக்கார ராமச்சந்திரன் திரும்பிப் பார்த்தான்.

"தங்கச்சி, கெசாங் ஆத்துப் பாலத்துல எல்லாரும் இறங்கணும். பொம்பளைங்களுக்குத் தனிக் கொட்டகை. பால் டின், பிஸ்கோத்து, மருந்து, அரிசி, ஒண்ணும் இருக்கக்கூடாது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. சிரிக்காதே, அழாதே."

மலாக்கா, கலகம் ஓய்ந்து கட்டுப்பாடு நீங்கிய வெள்ளைப் பகுதியாகிச் சில வருஷமாயிற்று. ஊரடங்கையும் சோதனையையும் ஊரே மறந்திருந்தது. பேச்செல்லாம் வரப்போகும் மெர்டேக்கா, அந்தச் சுதந்திரத்தைப் பற்றித்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜொகூர் இன்னும் கறுப்பு. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட் துப்பாக்கிக்காரர்களுக்குச் சாப்பாடு போய்விடும் என்று அங்கே அரிசிக்குத்தான் முதல் தடை. பாலத்தில் சோதனை இருக்கும் என்பதை நல்லையாவும் மறந்திருந்தான், அவளும் மறந்திருந்தாள்.

ஜன்னல் வழியே கொட்டிவிடலாம். கை முடிச்சுவரை போனது. அப்பா நிஜமாகவே போயிருந்தால்? வெறுங்கையோடு போய் அந்த வாயை எப்படிப் பார்ப்பது? கை நின்றுவிட்டது.

கொட்டகைக்குள் சோதனை போட்டவள் அஞ்சலை என்ற தமிழச்சி. காக்கிச் சட்டை, வெற்றிலை வாய். அவள் விரல்கள் கொண்டையைத் தடவி, இடுப்பைத் தடவி, முந்தானைக்கு வந்து நின்றன.

"அரிசியா? உனக்கென்ன பைத்தியமா? வருஷக்கணக்கா உள்ள போட்ருவாங்க. யாருக்கு இது?"

தெய்வானை முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டாள். வெளியே பூட்ஸ் சத்தம். மலாய் இன்ஸ்பெக்டர் வாசலில் வந்து நின்றார்.

"சொல்லித் தொலை, யாருக்கு?"

"அப்பா..." என்றாள் தெய்வானை. "அப்பா செத்துட்டாரு. வாய்க்கரிசி."

சொல்லிவிட்டாள். மீனாச்சி சொல்லாதே என்ற அதே சொல்லை.

அஞ்சலை வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு இன்ஸ்பெக்டரிடம் மலாயில் மன்றாடினாள். பிணத்தின் வாயில் போடுவது, துவான், ஐயா, நான் பொறுப்பு. அவர் வெகுநேரம் அந்தப் பிடியையே பார்த்தார். பிறகு தெய்வானையின் அப்பா இருக்கும் ஊரையும் தோட்டத்தையும் கேட்டுக்கொண்டு தலையாட்டினார்.

"சாயங்காலம் ஜீப்புல வந்து பார்ப்பாராம்" என்றாள் அஞ்சலை மெதுவாக. "பொணம் இருக்கணும் தாயி. இல்லேன்னா உன்னோட நானும் போனேன்."

தங்காக் ஊருக்கு உள்ளே, முள்கம்பி வேலி போட்ட தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் ஒப்பாரிச் சத்தம் எதுவும் இல்லை. தம்பி கலியாணசுந்தரம் ஓடிவந்து பையை வாங்கினான். உள்ளே பாயில் அப்பா சேதுபதி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எலும்பும் தோலுமாக, ஆனால் கண் திறந்து.

"வந்துட்டியா?"

தெய்வானை கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள், பயத்தில் அழுதாள். பிறகு முந்தானையை அவிழ்த்துக்கொண்டு கொல்லைப் பக்கம் பாய்ந்தாள். இது இந்த வீட்டுக்குள் ஒரு நிமிஷம்கூட இருக்கக்கூடாது.

"எறியாதே" என்றார் அப்பா. "அரிசிதானே?"

"வேணாம்பா, இது..."

"எதுக்குக் கொண்டாந்தேன்னு எனக்குத் தெரியாதா?" அவர் சிரித்தபோது இருமல் வந்தது. "பொதுச் சமையல் கொட்டகைச் சோறு ஆறிப்போய் வருது, தொண்டையில இறங்கலை. செத்தப்புறம் போட்டா எனக்கு ருசி தெரியுமா? கஞ்சியா வச்சு இப்பவே போடு."

மாட்டேன் என்று எத்தனையோ சொன்னாள். பசித்தவர் கேட்கிறார்; அப்பா கேட்கிறார். கடைசியில் உலை வைத்தாள். கரண்டியை அவர் வாயருகே கொண்டுபோனபோது அவள் வேறு பக்கம் பார்த்தாள். அப்பா சப்புக்கொட்டிக் குடித்தார்.

"உப்புப் பத்தலை."

அப்போதுதான் தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டது.

பாலத்தில் நடந்ததைத் தெய்வானை தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள். கலியாணசுந்தரம் வாசலுக்கும் உள்ளுக்குமாய் ஓடினான். அப்பா மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை.

"இதுக்கா பயப்படறே? வாய்க்கரிசி போட்டாச்சுன்னு சொல்லு. பொய்யில்லையே." மல்லாந்து படுத்தார், கைகளை நெஞ்சில் சேர்த்தார், கண்ணை மூடினார். "தம்பி, கால் கட்டைவிரலைக் கட்டுடா."

தம்பி துணி கிழித்து இரண்டு விரலையும் சேர்த்துக் கட்டினான். கிழிந்த சத்தம் தெய்வானையின் பல்லில் கூசியது.

இன்ஸ்பெக்டர் குனிந்து உள்ளே வந்தார். அப்பாவின் கட்டிய கால்களைப் பார்த்துத் தொப்பியை எடுத்தார். பின்னாலேயே வந்த அஞ்சலை, நிம்மதியோ என்னவோ, மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியே தொடங்கிவிட்டாள். எப்போது இறந்தார் என்று இன்ஸ்பெக்டர் மலாயில் மெதுவாகக் கேட்டார்.

தெய்வானை அப்பாவின் நெஞ்சைப் பார்த்தாள். அது அசையவில்லை. நடிக்கிறார் என்று நினைத்தாள். இன்னும் பார்த்தாள். அசையவே இல்லை. உதட்டோரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. பாலத்தில் தான் சொன்ன சொல் பின்னாலேயே வந்து இந்தப் பாயில் உட்கார்ந்துவிட்டது என்று தோன்றியது. இன்ஸ்பெக்டர் மறுபடி கேட்டார். இன்னொரு முறை அவள் சொன்னால் போதும், எல்லாரும் தப்பித்துவிடலாம்.

"அப்பா" என்றாள். "மூச்சு விடுங்க."

அஞ்சலையின் ஒப்பாரி பாதியில் அறுந்தது.

"மூச்சு விடுங்கப்பா! நான் ஜெயிலுக்குப் போறேன், நீங்க மூச்சு விடுங்க!" தோளைப் பிடித்து உலுக்கினாள்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நெஞ்சு கிறீச்சென்று மேலே எழும்பியது. அப்பா இருமிக்கொண்டே கண்ணைத் திறந்து, கெடுத்துவிட்டாயே என்பதுபோல் அவளைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"இந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, துவான். பொய் சொன்னது நான்தான்" என்றாள் தெய்வானை அஞ்சலையைக் காட்டி, தனக்குத் தெரிந்த மலாயில். அவர் நம்பினாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. அஞ்சலை சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

தெய்வானை குனிந்து அப்பாவின் கால்கட்டை அவிழ்த்தாள். அந்தத் துணியை அடுப்பில் போட்டாள். பானையில் இருந்த மிச்சக் கஞ்சிக்கு உப்புப் போடும்படி தம்பியிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள்.