பத்து நாள் பத்தியம்

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து லாயாங் லாயாங் ஊரிலிருந்த தன் வீட்டுக்குத் திரும்பிய பிரேமலா, கட்டிலைச் சுற்றி எலுமிச்சம்பழங்களை அறுத்துப் போட்டிருப்பதைப் பார்த்தாள். கட்டிலில் அவள் கணவன் அர்ச்சுனன். பத்து நாட்களாகக் கண் மஞ்சள். கிளினிக்குக்குப் போகலாம் என்று அவளும் பத்து நாட்களாகத் தொண்டை கிழியக் கத்திவிட்டாள். அவனுடைய அக்கா மலர் விட்டால்தானே! காமாலைக்கு ஊசி போட்டால் ஆள் போய்விடுவான் என்பது அந்தக் குடும்பத்துச் சட்டம். உப்பில்லாக் கஞ்சி, கீழாநெல்லிச் சாறு, யாரோ கொடுத்த பெயர் தெரியாத சூரணம்.

"காலையிலேர்ந்து கண்டபடி பேசறான். என்னையே யாருன்னு கேக்கறான். காத்து கருப்பு அடிச்சிருக்கு. பூசாரி வந்துகிட்டிருக்காரு," என்றாள் மலர்.

வந்த எரிச்சலில் பழங்களைக் காலால் தள்ளிவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிட்டாள் பிரேமலா.

மருத்துவமனையில் டாக்டர் சாந்தினி சுற்றி வளைக்கவில்லை. "கல்லீரல் திடீர்னு செயலிழந்திடுச்சி. விஷம் மூளைக்கு ஏறினதாலதான் உளர்றாரு. முன்னாலயே வந்திருந்தா மருந்துலயே பாத்திருக்கலாம். இப்ப மாற்றுக் கல்லீரல்தான் வழி. கோலாலம்பூருக்கு அனுப்பறோம். இறந்தவங்க கல்லீரலுக்குக் காத்திருக்க நேரமில்ல, சொந்தத்துல யாராவது ஒரு பகுதி கொடுக்கணும். ஆபத்தே இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா கொடுத்தவங்களுக்குச் சில மாசத்துல திரும்ப வளந்துடும்."

பத்து நாட்களாக வைத்தியம் சொன்ன சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நடையில்தான் நின்றார்கள். ஒருவருக்குச் சர்க்கரை. ஒருவருக்குச் சிங்கப்பூரில் லீவு கிடைக்காது. போன் பேசப் போன ஒருவர் திரும்பவே இல்லை.

"அலமாக், உசுரோட வெட்டறதா? நமக்கு வேணாம் லா," என்று மலரின் கையைப் பிடித்து இழுத்தார் அவள் கணவர் வேலு. "வா, வீட்டுக்குப் போலாம்."

"போங்கண்ணே!" பிரேமலாவுக்குப் பொறுக்கவில்லை. "ஊசி போட்டா செத்துடுவாருன்னு சொல்ல மட்டும் கூட்டமா வந்தீங்க. என் ரத்த குரூப்பு அவருக்குச் சேந்திருந்தா உங்க யாரு முன்னாலயும் நின்னிருக்கமாட்டேன்!"

மலர் கணவரின் கையை உதறினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடந்த தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் போனாள்.

"எனக்கும் அவனுக்கும் ஒரே குரூப்பு டாக்டர். டெஸ்ட் எடுங்க."

"மலரு, யோசிச்சுப் பேசு," என்றார் வேலு.

"என்னத்த யோசிக்க? வெட்டின ஈரல் வளருமாம். தம்பி போனா இன்னொருத்தன் வளருவானா?" மலர் சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் கேட்டுக்குங்க. கண்ணு மஞ்சளானா மொத நாளே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு சொல்லியே என் தம்பிய இங்க கொண்டாந்து படுக்க வெச்சேன். பேய் எதுவும் அவனைப் பிடிக்கல. நான்தான் பிடிச்சேன்."